மூன்றே வாரத்தில் வந்த இரண்டாயிரத்து ஐம்பது

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து படகுத்துறைப் பக்கம் பிரியும் சந்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை இருக்கிறது. அங்கே ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களுக்கு டீச்சர் ஸ்நேஹா. வாரம் முழுக்க மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கலிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஆராதனை முடிந்த கையோடு பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். ஓட்டிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே நழுவி, எதிரே பேச்சியக்கா சாயாக்கடையில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கப் போய்விடுவார்கள்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் படிப்பது மலையாளம். தமிழ் வசனத்தை ஆளுக்கொரு வரியாக வாசிக்கச் சொன்னால், ஒரு வரி முடிவதற்குள் அடுத்த பிள்ளை கொட்டாவி விட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்நேஹாவுக்கே கொட்டாவி வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாம் ஒரு காலப்பேழை செய்யலாமா என்று கேட்டாள்.

ஏழு வயது பெனிட்டாதான் முதலில் நிமிர்ந்தாள். "பேழைன்னா அதுல ரெண்டு ரெண்டு மிருகத்த ஏத்தணுமில்லே டீச்சர்?"

மிருகம் வேண்டாம் என்று ஸ்நேஹா விளக்கினாள். ஆளுக்கொரு பொருளைப் பெட்டியில் போட்டு மூடி, இரண்டாயிரத்து ஐம்பதாம் வருஷத்தில்தான் திறக்க வேண்டும். இப்போது நாம் எப்படி இருந்தோம் என்பதை அப்போது வருபவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்றாள். உடனே எல்லோரும் விரலை மடக்கி அவரவர் வயதைக் கணக்குப் போட்டார்கள். யார் யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், யாருக்கு வழுக்கை விழுந்திருக்கும் என்று சண்டை வந்தது. கடைசியில், அன்றைக்கு டீச்சர் உயிரோடு இருப்பாரா என்ற கேள்விக்கு வந்து நின்றது. ஸ்நேஹாவுக்கு இருபத்தாறு வயது. ஐம்பதைத் தாண்டியும் மனிதர்கள் உயிரோடிருப்பதுண்டு என்று அவர்களை நம்ப வைக்கப் பெரும்பாடாகிவிட்டது.

விதிகள் இரண்டுதான். ஒன்று, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. காகிதத்தில் பொதிந்துதான் கொண்டுவர வேண்டும். இரண்டு, மூடியபின் யாரும் திறக்கக் கூடாது, டீச்சர் உட்பட. இரண்டாவது விதிக்கு ஸ்நேஹா நெஞ்சில் கை வைத்துச் சத்தியமே செய்துகொடுத்தாள். அதுதான் பின்னால் அவளைப் படாத பாடு படுத்தியது.

அடுத்த ஞாயிறு பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. பெனிட்டாவின் பொட்டலம் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. ஜோபின் ஏதோ ஒன்றை நாலைந்து பாலிதீன் பைகளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய அப்பாவுக்கு வேலை கருவாட்டு மொத்தக் கடையில். பதினோரு வயது ஆல்ட்ரின் கொடுத்த பொட்டலம் கனமாக இருந்தது. ஓரத்தில் கறுப்பு வயர் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. விளையாட்டுக் காரின் ரிமோட்டாக இருக்கும் என்று நினைத்து ஸ்நேஹா அதை உள்ளே தள்ளினாள். பெட்டி என்பது கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் முறுக்குப் போட்டு வைக்கும் பெரிய எவர்சில்வர் டப்பா. மூடி கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதனால் சுற்றிலும் செல்லோ டேப் ஒட்டினார்கள். ஒட்டும் வேலையை ஜோபின் கேட்டு வாங்கிக்கொண்டான்.

புதைப்பதற்குச் சுவரோரமாகக் குழி தோண்டினார்கள். மட்டாஞ்சேரி மண் எப்படிப்பட்டதென்று ஸ்நேஹா யோசிக்காமல் விட்டுவிட்டாள். முழங்கால் ஆழம் போவதற்குள் அடியில் தண்ணீர் ஊறியது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் குட்டி நண்டு ஒன்று வெளியே வந்து, எல்லோரையும் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது. காயலுக்குப் பக்கத்தில் குழி தோண்டினால் பேழை மிதக்கத்தானே செய்யும் என்று பெனிட்டா சொன்னாள். போதகர் கனகராஜ் ஐயா சிரித்துவிட்டு, மணிக்கூண்டின் அடியில் இருந்த மாடத்தைக் காட்டினார். டப்பாவை அதில் வைத்து, முன்னால் செங்கல் அடுக்கி, ஜெபம் செய்து, எல்லோரும் கைதட்டினார்கள். சிமென்ட் பூசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஐயா.

மறுவாரம் ஆராதனை தொடங்கும் நேரத்தில் கீபோர்டுக்கு உயிர் வரவில்லை.

அந்தக் கீபோர்டை வாசிப்பவன் ஆல்ட்ரின். அவனுடைய அம்மா ஜெபசீலி, தேவராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சபையின் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. ஸ்நேஹா சின்னப் பெண்ணாக இருந்தபோது தவறான சுரத்தில் பாடியதற்காக முதுகில் ஒரு தட்டு வாங்கியது அந்தக் கையால்தான். ஆகவே இன்றைக்கும் ஜெபசீலியக்கா எதிரே வந்தால் ஸ்நேஹா தன்னையறியாமல் நிமிர்ந்து நிற்பாள். ஜெபசீலி கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்து, அடாப்டரைக் காணோம் என்றாள். மேசைக்கு அடியில், அலமாரிக்குள், காணிக்கைப் பைகள் தொங்கும் ஆணியில் என்று தேடாத இடமில்லை. பிறகு வேறு வழியில்லாமல் வாத்தியம் இல்லாமலே பாட்டு தொடங்கியது.

அப்படி ஒரு பாட்டை அந்தச் சபை அதுவரை கேட்டதில்லை. முன் பெஞ்சில் இருந்த பெரியவர்கள் ஒரு வேகத்தில் போனார்கள், பின்னால் இருந்த இளவட்டம் இன்னொரு வேகத்தில் போனது. முன்னால் பாட்டு முடிந்து புத்தகத்தை மூடும்போது பின்னால் கடைசிச் சரணத்தில் பாதிதான் ஆகியிருந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இன்று நாம் இரண்டு பாட்டுப் பாடியிருக்கிறோம், ஆண்டவர் இரண்டையும் கேட்டிருப்பார் என்றார். ஜெபசீலியின் முகம் சிவந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஆல்ட்ரின் முகமோ பண்டிகை முகமாக இருந்தது.

அதற்குள் பூனைகள் வர ஆரம்பித்திருந்தன. முதலில் கவனித்தது பேச்சியக்கா. தன் கடை வாசலில் படுத்துக் கிடக்கும் பூனைகள் எல்லாம் கோயிலுக்குப் போய்விட்டன என்று ஸ்நேஹாவிடம் சொன்னாள். போய்ப் பார்த்தால், மணிக்கூண்டைச் சுற்றி அரை வட்டமாக ஐந்தாறு பூனைகள், பிரசங்கம் கேட்பதுபோல் மாடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்று செங்கல்லைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் ஸ்நேஹாவுக்கும் வாடை வந்தது. ஜோபினின் பாலிதீன் பைகள் நினைவுக்கு வந்தன. இந்த ஊரின் மணம் எதிர்காலத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். நினைத்ததில் தப்பில்லை, டேப் ஒட்டியதில்தான் தப்பு.

அடாப்டர் வாங்கும் பொறுப்பும் ஸ்நேஹாவின் தலையில் விழுந்தது. அவள் ஆபீசுக்குப் பக்கத்தில்தான் முகமது இஸ்மாயிலின் ரிப்பேர் கடை இருந்தது. கீபோர்டின் படத்தை போனில் பார்த்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய மாடல். கிடைத்த அடாப்டரைக் குத்தினால் உள்ளே எல்லாம் கரிந்துபோகும். சரியானதை வரவழைக்கலாம், ஆனால் அறுப்பின் பண்டிகைக்குள் வந்து சேராது என்றார். வருகிற ஞாயிறு விட்டு அதற்கு மறு ஞாயிறு பண்டிகை. அன்றைக்கு எர்ணாகுளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், பாடகர் குழு நான்கு பாட்டுப் பாட வேண்டும்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஸ்நேஹாவின் கண், மேசைமேல் கிடந்த வேறு யாருடைய அடாப்டர் மீதோ பட்டது. கறுப்புப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கறுப்பு வயர். நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆல்ட்ரினின் பொட்டலத்தில் எட்டிப் பார்த்த வயரை உள்ளே தள்ளியது அவளுக்கு நினைவு வந்தது.

அந்த ஞாயிறும் பாட்டு இரண்டாகவே முடிந்தது. ஆராதனை கலைந்ததும் ஸ்நேஹா ஆல்ட்ரினைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பொட்டலத்தில் என்ன என்று கேட்கக் கூடாதென்று எனக்கும் தெரியும், ஆனாலும் கேட்கிறேன் என்றாள். அவன் மறைக்கவில்லை.

"அது களவு இல்ல டீச்சர். கோயிலுக்குள்ளதானே இருக்கு."

எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவன் செருப்பின் வாரைக் காலால் நோண்டிக்கொண்டே சொன்னான்.

"ஜெபம் பண்ணும்போ எல்லாரும் கண்ண மூடிக்குவாங்க. நான் மட்டும் தொறந்து வெச்சுக்கிட்டு, ஐயா எப்போ ஆமென் சொல்வாருன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். பெஞ்சுல எல்லாரும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா, நீ அங்கே இருந்தியேன்னு சொல்வாங்க. ஆறு வயசுலேர்ந்து நான் அங்கேதான் டீச்சர் இருக்கேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆண்டவர் தந்த தாலந்த வீணாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

இருபத்தைந்து வருஷத்துக்குக் கீபோர்டை ஊமையாக்கிவிட்டால் வாசிக்கும் தாலந்து தானாகவே தீர்ந்துபோகும் என்பது அவனுடைய கணக்கு. ஸ்நேஹாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்த பிறகுதான் யோசித்தாள். ஐந்து வருஷமாக வாரா வாரம் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பாடியிருக்கிறாள். அவன் கண் திறந்தே இருப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க அவள் கண் திறந்திருந்தால்தானே?

ஜெபசீலியிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் ஆல்ட்ரின் காது பிய்ந்துவிடும், கீபோர்டும் அவனை விடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. எதைச் செய்வதானாலும் பெட்டியைத் திறந்தாக வேண்டும், அது பிள்ளைகளின் பெட்டி. ஆகவே அவர்களிடமே கேட்டுவிடுவது என்று அறைக்குள் போனாள். பூனைகளைக் காரணமாகச் சொன்னாள். ஆல்ட்ரின் பெயரை எடுக்கவில்லை.

பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜோபின் மட்டும் காது நுனி சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இரண்டாயிரத்து ஐம்பது வராமல் திறக்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றார்கள். ஸ்நேஹா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்திருக்க வேண்டும், பெனிட்டா பக்கத்தில் வந்து அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"அப்போ வர்ற சனிக்கிழமை இரண்டாயிரத்து ஐம்பதுன்னு வெச்சுக்கலாம் டீச்சர்."

வழக்கு அதோடு தீர்ந்தது. எல்லோரும் அந்த வருஷத்து ஆட்களாக வர வேண்டும், வந்தவர்கள் இந்தக் காலத்துப் பேச்சைப் பேசக் கூடாது என்று அவர்களே புது விதி போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மணிக்கூண்டு அடியில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, சந்தில் போன ஆட்டோ ஒன்று நின்றே போனது. பெனிட்டா அம்மாவின் புடவையைத் தலையணை உறைபோல் சுற்றிக்கொண்டு, தலையில் கோதுமை மாவைக் கொட்டிக்கொண்டு வந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதில் தலை அவ்வளவு நரைக்காது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஜோபின் அப்பாவின் வேட்டியைக் கக்கத்துக்குக் கீழே கட்டியிருந்தான். பாதிப் பேர் கனடாவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். ஒருத்தி பறக்கும் வாட்டர் மெட்ரோ படகில் வந்ததாகச் சொன்னாள். டீச்சருக்கு ஊன்றிக்கொள்ள ஒரு குடை கொடுத்து, முதுகை வளைத்து நிற்கச் சொன்னார்கள். ஸ்நேஹாவும் வளைந்து நின்றாள். ஆல்ட்ரின் அப்பாவின் முழுக்கைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

செங்கல்லை எடுத்ததும் பூனைகள் எழுந்து நின்றன. டப்பா திறந்ததும் கனடாக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஜோபின் தன் பொட்டலத்தைத் தானே பிரித்து, மாந்தல் கருவாடு ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். பழங்கால மனிதர்கள் இதைத்தான் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டார்கள் என்று அவன் விளக்கி முடிப்பதற்குள், ஒரு பூனை தாவிப் பிடுங்கிக்கொண்டு சுவர் ஏறிப் போய்விட்டது. மற்றவை அதன் பின்னால் போயின. பெனிட்டா தன் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் ஒரு பால்பல்லை வைத்துக்கொண்டு, இது பெனிட்டா என்று அந்தக் காலத்தில் இருந்த ஒரு நல்ல பிள்ளையின் பல் என்றாள். அந்தப் பிள்ளை பிற்பாடு என்ன ஆனாள் என்று யாரோ கேட்டார்கள். டாக்டர் ஆனாள், இப்போது ரொம்ப பிஸி என்றாள்.

பாடகர் குழுவின் பயிற்சிக்காகப் பாட்டுப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு ஜெபசீலி உள்ளே வந்ததை ஸ்நேஹா தாமதமாகத்தான் கவனித்தாள். அதற்குள் ஆல்ட்ரின் தன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். கறுப்பு வயர் அவிழ்ந்து தொங்கியது. ஜெபசீலி பார்த்தது பார்த்தபடி நின்றாள். ஸ்நேஹாவின் வளைந்த முதுகு தானாக நிமிர்ந்தது. வாயைத் திறக்கப் போனாள். ஆல்ட்ரின் முந்திக்கொண்டான்.

"இது அந்தக் காலத்து அடாப்டர்," என்று எல்லோருக்கும் காட்டினான். "அப்போ ஆல்ட்ரின்னு ஒரு பையன் இருந்தான். அவன்தான் இத ஒளிச்சு வெச்சான். அவனுக்கு வாசிக்கப் பிடிக்காம இல்ல. எப்பவும் அவனே வாசிக்கணும்னு சொன்னதுதான் பிடிக்கல. அவனுக்கு மத்தவங்ககூட பெஞ்சுல உக்காரணும்னு இருந்துச்சு."

இரண்டாயிரத்து ஐம்பதின் ஆட்கள் எல்லோரும் ஜெபசீலியையே பார்த்தார்கள். அவள் புத்தகக் கட்டைக் கீழே படியில் வைத்தாள். திட்டப் போகிறாள் என்று ஸ்நேஹா நினைத்தாள். ஜெபசீலி முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து கூட்டத்தில் சேர்ந்து நின்றாள்.

"அந்தப் பையனோட அம்மா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

ஆல்ட்ரின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன் சொன்னான். அவங்க கேக்கல."

"கேட்டிருப்பாங்க. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பெனிட்டா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் அந்தப் பையன் வாசிச்சானா இல்லியா?" ஜெபசீலி விடவில்லை.

"பண்டிகைக்கு வாசிச்சான். மத்த நாள் பெஞ்சுல உக்காந்தான்."

"மாசத்துல ரெண்டு வாரம் வாசிச்சான்னுதான் நான் கேள்விப்பட்டேன்."

"ஒரு வாரம்."

"பண்டிகை தனி."

ஆல்ட்ரின் யோசித்தான். "சரி. பண்டிகை தனி."

"அப்படித்தான் எனக்கும் ஞாபகம்," என்று சொல்லிவிட்டு ஜெபசீலி கையை நீட்டினாள். அவன் அடாப்டரை அதில் வைத்தான். அவள் வயரை ஒழுங்காகச் சுற்றினாள், சுற்றி முடித்தபிறகும் சுற்றினாள். பிறகு முக்காட்டை எடுத்துவிட்டு, இது இந்தக் காலத்துப் பேச்சு என்று முன்னுரை சொல்லி, இரண்டு வாரம் சபையையே அலைய விட்டதற்கு ஐயாவிடம் இப்போதே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றாள். ஆல்ட்ரின் டை பறக்க ஓடினான்.

அவன் போனதும் அவள் ஸ்நேஹாவின் பக்கம் திரும்பினாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். போன வாரமே தெரியும் என்றாள் ஸ்நேஹா. சொல்லாததற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"அஞ்சு வருஷமா அவன் முதுகத்தான் பாத்துக்கிட்டு நின்னேன் மோளே," என்றாள் ஜெபசீலி. "விரல் சரியா விழுதான்னு மட்டும்தான் பாத்தேன்." புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கீபோர்டின் முதல் சுரம் கேட்டது. அவளே ஒற்றை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் பட்ட படியில் காய வைத்து, மறுபடி நிரப்பினார்கள். கருவாட்டுக்குப் பதிலாக ஜோபின் தன் வீட்டுப் பூட்டு ஒன்றைப் போட்டான். சாவி தன்னிடமே இருக்கும் என்றான். ஆல்ட்ரின் திரும்பி வந்து, போடுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்று, கடைசியில் அப்பாவின் டையைக் கழற்றிப் போட்டுவிட்டான். அப்பாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றான். இந்த முறை டேப்பை ஸ்நேஹா ஒட்டினாள். ஐயா சிமென்ட் குழைத்துக்கொண்டு வந்தார்.

எல்லாம் முடிந்தும் யாருக்கும் வேஷத்தைக் கலைக்க மனசில்லை. சாயா குடிக்கலாம் என்று இரண்டாயிரத்து ஐம்பதின் மொத்த சபையும் சந்தை விட்டு வெளியே கிளம்பியது. பஜார் ரோட்டில் மிளகு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் பைக்குகள் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தன. ஸ்நேஹா வழக்கம்போல் பிள்ளைகளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பெனிட்டா அந்தக் கையைத் தட்டிவிட்டு, குடையைச் சரியாக ஊன்றச் சொல்லி, டீச்சரின் முழங்கையைத் தான் பிடித்துக்கொண்டாள். பிறகு புடவைக் கொசுவத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடித்தபடி நடு ரோட்டில் இறங்கி, வந்துகொண்டிருந்த பைக்கைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"சேட்டா, ஒரு மினிட். வயசான ஆள் வர்றாங்க."

பைக்கில் வந்தவன் ஹெல்மெட்டைத் தூக்கி, நரைத்த தலையுள்ள அந்தக் குட்டிப் பெண்ணையும் அவள் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு வரும் ஸ்நேஹாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான். ஸ்நேஹா அவனுக்குத் தலையசைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்தாள்.